ஆபத்து அதிகம்! கூலி எவ்வளவு?

உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறவர்களின் சம்பளக் கணக்கு

வடபழனி பக்கம் ஒரு தெரு. பகல் 12 மணி வெயில். அடுக்கு மாடி வீடு ஒன்றுக்கு பெயிண்ட் அடிக்கிறார்கள். 8-வது மாடி உயரத்தில் ஒரு மனிதர் தொங்கிக்கொண்டு இருக்கிறார்.

உட்கார ஒரு பலகை. பலகையின் இரு புறமும் கயிறு. பக்கத்தில் பெயிண்ட் வாளி. காலால் சுவரை ஒரு உதை உதைத்து வலது பக்கம் போகிறார். இன்னொரு உதை. இடது பக்கம் வருகிறார்.

எதிரே டீக்கடை. டீ குடிக்கிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

"யப்பா! பார்த்தாலே தலை சுத்துது. இந்த ஆளுக்கு நல்ல காசு குடுப்பாங்க."

"குடுக்காம? உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு இல்ல தொங்கறாரு!"

கொடுக்கிறார்களா? அவர் சாப்பாட்டுக்கு இறங்கியதும் நாமே கேட்டு விட்டோம். நாற்பது வயது இருக்கும். தூக்குச் சட்டியைத் திறந்தபடியே சிரித்தார்.

"கீழே ரூமுக்குள்ள அடிக்கிறவனுக்கு ஒரு கூலி சார். மேலே தொங்கறவனுக்கு அதை விட கொஞ்சம் கூட."

எவ்வளவு கூட?

"ஒரு பிரியாணி, ஒரு டீ. அவ்வளவுதான் வெச்சுக்குங்களேன்."

டீக்கடைக்காரர்களின் கணக்கு பொய்த்துப் போனது. ஆனால் அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். உலகப் புகழ் பெற்ற ஒரு மேதையும் ஏறக்குறைய அதே கணக்கைத்தான் போட்டார்.

தூக்குப் போடுகிறவர்

அவர் பெயர் ஆடம் ஸ்மித். பொருளாதாரத்துக்கு தந்தை என்று சொல்கிறார்களே, அவரேதான். ஸ்காட்லாந்துக்காரர். 1776-ம் ஆண்டு ஒரு பெரிய புத்தகம் எழுதினார்.

கஷ்டமான வேலை, அழுக்கான வேலை, கவுரவக் குறைவான வேலை - இதற்கெல்லாம் ஆள் கிடைப்பது அரிது. ஆகவே கூலியைக் கூட்டிக் கொடுத்துத்தான் தீர வேண்டும் என்பது அவர் வாதம்.

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர் சாதாரண கூலி ஆளைப் போல் இரண்டு பங்கு, மூன்று பங்கு வாங்குகிறார் என்று எழுதினார். கசாப்புக் கடைக்காரரையும் சொன்னார். தூக்குப் போடுகிற அலுகோசையும் விடவில்லை! அவர் செய்கிற வேலையின் அளவோடு பார்த்தால் அவரை விட அதிகம் சம்பாதிக்கிற தொழிலாளி கிடையாது என்றார்.

ஆனால் ஸ்மித் கெட்டிக்காரர். அதே இடத்தில் இன்னொன்றையும் எழுதி வைத்தார். பட்டாளத்துக்கும் கப்பலுக்கும் போகிற வாலிபர்கள் ஆபத்தைப் பார்த்துப் பின்வாங்குவது இல்லை. அதனால் அங்கே ஆபத்துக்கு என்று தனியாகக் கூலி கூடுவது இல்லை என்றார்.

250 வருஷம் ஆகி விட்டது. அவர் முதலில் சொன்னதும் நம்ம ஊரில் நடக்கிறது. இரண்டாவது சொன்னதும் நடக்கிறது. எது எங்கே நடக்கிறது என்பதுதான் வேடிக்கை.

ஆபத்துக்கு காசு உண்டு

முதலில், ஆபத்துக்கு காசு கொடுக்கிற இடங்களைப் பார்ப்போம்.

இமயமலையில் சியாச்சின் என்று ஒரு பனிமலை. காஷ்மீருக்கும் மேலே. குண்டு பட்டுச் செத்தவர்களை விட குளிரிலும் பனிச்சரிவிலும் செத்தவர்களே அங்கே அதிகம். அந்த மலையில் காவல் நிற்கிற பட்டாளத்தாருக்கு தனிப்படி உண்டு. 7-வது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, 2017-ல், சிப்பாய்களுக்கு மாதம் 14 ஆயிரமாக இருந்த அந்தப் படியை 30 ஆயிரம் ஆக்கினார்கள்.

நல்ல காரியம். ஆனால் அதே உத்தரவில் அதிகாரிகளுக்கு எவ்வளவு தெரியுமா? 42 ஆயிரத்து 500 ரூபாய்!

பனி ஒன்றுதான். குளிர் ஒன்றுதான். தோள்பட்டையில் இருக்கிற நட்சத்திரத்தைப் பார்த்தா பனிச்சரிவு வருகிறது? இந்தக் கேள்வியை இப்போதைக்கு மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்தது கோடம்பாக்கம். ஹீரோ மாடியில் இருந்து குதிப்பார். விசில் பறக்கும். குதித்தவர் ஹீரோ இல்லை, ஸ்டண்ட் ஆள் என்பது இப்போது குழந்தைக்கும் தெரியும். அந்தத் தொழிலில் சும்மா அடி வாங்கி விழுகிறதற்கு ஒரு கூலி. கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தால், உடம்பில் தீ வைத்துக்கொண்டால், காரை உருட்டினால் அதற்கு மேல் காசு. "ரிஸ்க்" என்றே அதற்குப் பெயர். அவர்களுக்கு என்று சங்கம் இருக்கிறது. பேசி வாங்குகிறார்கள்.

காசு வாங்கினால் ஆபத்து போய் விடுமா? போகாது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு படப்பிடிப்பு. காரைப் பறக்க விட்டு உருட்டுகிற காட்சி. கார் உருண்டது. அனுபவம் உள்ள ஸ்டண்ட் கலைஞர் பிணமாக வெளியே வந்தார்.

மூன்றாவது, நம்ம தெருவில் தினமும் பார்க்கிற காட்சி. முதுகில் பெட்டியோடு பைக்கில் பறக்கிற சாப்பாட்டு டெலிவரி பையன்கள். மழை கொட்டினால் அவர்களுடைய போனில் ஒரு மணி அடிக்கும். "இன்று ஆர்டருக்கு இவ்வளவு கூடுதல்" என்று வரும். மழைப் பணம்!

தண்ணீர் தேங்கின ரோட்டில் பள்ளம் எது, மேன்ஹோல் எது என்று தெரியாது. அதற்கு ஆர்டருக்குச் சில ரூபாய். ஆனாலும் பாருங்கள், ஆடம் ஸ்மித் சொன்னது அச்சு அசலாக நடக்கிறது. மழை அன்று ஓட்ட மாட்டேன் என்று போனை அணைத்து விட்டு வீட்டில் படுக்க பையனுக்கு வழி இருக்கிறது. அதனால் கம்பெனி கூட்டிக் கொடுக்கிறது. மழை நின்றால் காசும் நின்று விடும்.

தொழிற்சாலைகளிலும் இது உண்டு. சென்னையில் உள்ள தொழிற்சாலைத் தொழிலாளர்களின் கூலியையும் அவர்கள் தொழிலில் உள்ள விபத்துக் கணக்கையும் சேர்த்து வைத்து பொருளாதாரப் பேராசிரியர் கே.ஆர்.சண்முகம் 1990-களில் ஆராய்ச்சி செய்தார். ஆபத்து கூடுதலாக இருக்கிற வேலையில் கூலியும் கூடுதலாக இருக்கிறது என்றுதான் கண்டுபிடித்தார்.

தொழிற்சாலை என்றால் ரிஜிஸ்தர் இருக்கிறது. யூனியன் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. சங்கு ஊதினால் வேலை நிற்கும்.

தொழிற்சாலை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வாருங்கள். அங்கேதான் கதை மாறுகிறது.

அழுகிய முட்டை நாற்றம்

ரோட்டின் நடுவே வட்டமாக ஒரு இரும்பு மூடி. அதன் மேல்தான் நீங்கள் தினமும் பஸ்சில் போகிறீர்கள். மூடிக்குக் கீழே பாதாள சாக்கடை.

சாக்கடையில் அழுகல் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் வந்தால் ஓடி விடலாமே என்று நினைப்பீர்கள். அதில்தான் கொடுமை! வாயு கொஞ்சமாக இருந்தால்தான் நாற்றம் தெரியும். மிக அதிகமாகி விட்டால் மூக்கு மரத்துப் போகிறது. நாற்றமே தெரியாது. "வாடை போயிருச்சுடா" என்று தைரியமாக இறங்குகிற நேரம்தான் சாவுக்கு நேரம். அதிக வாயுவில் இரண்டு மூச்சு போதும். ஆள் சுருண்டு விழுவார்.

இந்த வாயு காற்றை விடக் கனமானது. அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே நின்று எட்டிப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். அவரும் விழுவார்.

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு வீட்டு செப்டிக் டேங்கில் இப்படித்தான் ஒருவர் பின் ஒருவராக 6 பேர் போனார்கள். அதில் ஒரு தகப்பனும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் அடக்கம். அதே வருஷம் நவம்பரில் ராயப்பேட்டையில் ஒரு வணிக வளாகத்து தொட்டி. உள்ளே மயங்கி விழுந்த கூடப்பிறந்தவரைக் காப்பாற்றி விட்டு 25 வயது வாலிபர் ஒருவர் தன் உயிரை விட்டார்.

இந்த வேலைக்கு எத்தனை ஆயிரம் கொடுக்க வேண்டும்? ஆடம் ஸ்மித் கணக்குப்படி பார்த்தால் தமிழ்நாட்டிலேயே பெரிய சம்பளக்காரர் சாக்கடைக்குள் இறங்குகிறவராகத்தான் இருக்க வேண்டும்! கஷ்டம் உண்டு. அழுக்கு உண்டு. கவுரவம் இல்லை. உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அவர் சொன்ன காரணம் அத்தனையும் ஒரே குழிக்குள் இருக்கிறது.

ஆனால் இறங்குகிறவர் ஒரு நாள் கூலி வாங்குகிறார். லாரிக்காரரோ கண்டிராக்டரோ சாயந்திரம் கையில் கொடுக்கிற கூலி. கொத்தனார் கூலி அதை விட மேல்.

ஏன் இப்படி? ஆடம் ஸ்மித்தின் கணக்கு ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. "மாட்டேன்" என்ற சொல்! ஒருவன் மாட்டேன் என்று சொல்ல முடிந்தால்தான் அவனை இழுக்க முதலாளி கூலியைக் கூட்டுவார்.

சாக்கடையில் இறங்குகிறவர் யார்? தலைமுறை தலைமுறையாக ஒரு சில சாதிகளின் தலையில் கட்டின வேலை இது. இறங்குகிறவருடைய பையன் ஓட்டலில் வேலை கேட்டுப் போனால், எந்த ஏரியா, அப்பா என்ன வேலை என்று கேட்கிறார்கள். கேட்டு விட்டு அவன் கையில் பரிமாறுகிற கரண்டியைக் கொடுப்பது இல்லை, துடைப்பத்தைக் கொடுக்கிறார்கள். அவன் "மாட்டேன்" என்று சொல்லி விட்டு எங்கே போவான்? வேறு வேலைக்குப் போகிற கதவை அடைத்து விட்டால், இந்த வேலைக்குக் கூலி ஏறவே ஏறாது.

சட்டம் சும்மா இல்லை. 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் அதை விடக் கடுமையாக இன்னொன்று. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்கினால் முதல் தடவை 2 வருஷம் ஜெயில் அல்லது 2 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 5 வருஷம், 5 லட்சம்.

சட்டம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. 1993-க்குப் பிறகு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்கள் பற்றி மத்திய அரசு பார்லிமெண்டில் கொடுத்த கணக்குகளில், முதல் இடத்தில் நின்ற மாநிலம் தமிழ்நாடு. எதில் எதிலோ முதல் இடம் என்று மார் தட்டுகிறோம். இதையும் தெரிந்து வைத்துக் கொள்வோம்.

செத்த பிறகு லட்சாதிபதி

2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. 1993-ல் இருந்து சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்றது. 2023 அக்டோபர் 20-ந் தேதி அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தரமாக ஊனம் அடைந்தால் 20 லட்சம்.

இந்தத் தீர்ப்பில் ஒரு நல்ல அம்சம். இறந்தவர் என்ன கூலி வாங்கினார் என்று கோர்ட்டு கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே தொகை.

மற்ற தொழிலாளிகளுக்கு அப்படி இல்லை! வேலையில் செத்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில், 1923-ல், சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய் விட்டது. கணக்குப் போடுகிற முறை மட்டும் போகவில்லை. செத்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை எடு. அவர் வயதுக்கு என்று அட்டவணையில் ஒரு எண் இருக்கிறது. அதால் பெருக்கு. அதுதான் நஷ்டஈடு.

40 வயதுக்கு அந்த எண் 184.17. கணக்குக்கு எடுத்துக் கொள்கிற சம்பளத்துக்கு உச்ச வரம்பு உண்டு. 2020-ல் அதை 15 ஆயிரம் என்று வைத்தார்கள்.

இப்போது நம்ம பெயிண்டர் கதைக்கு வாருங்கள். ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம், அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஒரே பலகையில் இரண்டு பேர் தொங்குகிறார்கள். இருவருக்கும் வயது 40. ஒருவருக்கு மாதம் 15 ஆயிரம் என்று நோட்டில் எழுதி இருக்கிறது. இன்னொருவருக்கு 8 ஆயிரம். கயிறு அறுந்தது. இருவரும் ஒன்றாக விழுந்தார்கள்.

முதல் ஆள் குடும்பத்துக்கு 13 லட்சத்து 81 ஆயிரத்து 275 ரூபாய்.

இரண்டாவது ஆள் குடும்பத்துக்கு 7 லட்சத்து 36 ஆயிரத்து 680 ரூபாய்.

கயிறு ஒன்று. உயரம் ஒன்று. தரை ஒன்று. கூலி குறைவாக வாங்கினவரின் உயிரும் விலை குறைந்து விட்டது! உயிரோடு இருக்கும்போது ஆபத்துக்கு என்று ஒரு பைசா சேர்த்துக் கொடுக்கவில்லை. செத்த பிறகு அந்தக் குறைந்த கூலியையே வைத்து உயிருக்கு விலை போடுகிறார்கள். சியாச்சின் நட்சத்திரக் கணக்கு ஞாபகம் வருகிறதா?

இன்னொரு சங்கடம். அன்றாடம் கூலி வாங்குகிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று யார் சொல்வது? கண்டிராக்டர் நோட்டு என்ன சொல்கிறதோ அதுதான். நோட்டில் பெயரே இல்லை என்றால் அவர் அங்கே வேலை செய்தார் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும்.

ஊர் தெரியாத ஆள்

மவுலிவாக்கத்தை சென்னை மறந்து இருக்காது. 2014 ஜூன் 28-ந் தேதி. மழை பெய்து கொண்டிருந்த சாயந்திரம். கட்டிக்கொண்டு இருந்த 11 மாடிக் கட்டிடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் பலி. இறந்தவர்களில் ஏராளமானவர்கள் ஆந்திராவில் இருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று சம்பள நாள் என்று கூலிக்காகக் கட்டிடத்துக்குள் காத்திருந்தவர்களும் அதில் உண்டு.

2025 செப்டம்பர் 30-ந் தேதி எண்ணூர் பக்கம் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் உயரமான சாரம் சரிந்தது. 9 பேர் இறந்தார்கள். இவர்கள் வடகிழக்கே, அசாம் பக்கத்தில் இருந்து வந்தவர்கள்.

நம்ம ஊர் ஆள் உச்சிக்கு ஏறத் தயங்குவான். பெண்டாட்டி வேண்டாம் என்பாள். "வேற சைட் பார்த்துக்கறேன் மேஸ்திரி" என்று சொல்லி விட்டு வருவான். 2 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவனுக்கு வேறு சைட் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மொழி தெரியாது. தங்குகிற தகர ஷெட்டும் கண்டிராக்டருடையது. ஊருக்குப் போக டிக்கெட் காசும் கண்டிராக்டரிடம். "மாட்டேன்" என்ற சொல் அவன் பாஷையில் இருந்தாலும் அதைச் சொல்ல இடம் இல்லை.

மின்சாரக் கம்பத்திலும் இதே கூத்துதான். புயல் அடித்து ஓய்ந்தால் சென்னையே இருட்டாகி விடும். 2016 வர்தா புயலை நினைத்துப் பாருங்கள். கம்பத்தில் ஏறுகிறவர்களில் போர்டு வயர்மேனும் இருப்பார், ஒப்பந்த ஆளும் இருப்பார். ஒருவருக்கு கிரேடு சம்பளம். இன்னொருவருக்கு தினக்கூலி. "லைன் கிளியர்" வாங்கி விட்டுத்தான் ஏறுவார்கள். ஆனால் பக்கத்து பங்களாவில் யாராவது ஜெனரேட்டரைத் தாறுமாறாக இணைத்து ஓட விட்டால் அந்தக் கரண்டு திரும்பி லைனுக்கு வந்து விடும். அப்படி வருகிற கரண்டு நீ நிரந்தரமா, ஒப்பந்தமா என்று கேட்டு விட்டு அடிப்பது இல்லை.

பக்கத்தில் நின்றவர்

ஆபத்துக்கு காசு கொடுக்கிற இடத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆபத்தைக் கையால் தொடுகிறவருக்குத்தான் காசு. பக்கத்தில் நிற்கிறவருக்கு கிடையாது.

2020 பிப்ரவரி. பூந்தமல்லி பக்கம் பெரிய நடிகர் படத்துக்கு ராத்திரி ஷூட்டிங் ஏற்பாடு. கிரேன் சாய்ந்து விழுந்தது. 3 பேர் செத்தார்கள். ஒருவர் உதவி டைரக்டர். ஒருவர் கலைப் பிரிவு உதவியாளர். ஒருவர் சாப்பாட்டுப் பிரிவு ஆள். யாரும் குதிக்கவில்லை. யாரும் தீயில் பாயவில்லை. அவர்கள் வாங்கின சம்பளத்தில் "ரிஸ்க்" என்று ஒரு பைசா இருந்திருக்குமா?

சிவகாசிப் பக்கம் போனாலும் இதே கதை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவருக்கும் மருந்து செலுத்துகிறவருக்கும் மற்றவர்களை விடக் கூலி அதிகம். வெயில் ஏறுவதற்கு முன்னால் காலையிலேயே அந்த வேலையை முடிக்க வேண்டும். தப்பினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அது நியாயமான கூலிதான். ஆனால் பக்கத்து அறையில் குழாய் சுற்றுகிற, திரி வைக்கிற பெண்களுக்கு கணக்கு வேறு. எத்தனை குரோஸ் முடித்தாய், இந்தா காசு. நடுவில் இருக்கிற சுவருக்கு இந்த இரண்டு கூலியும் தெரியாது.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் ஆட்களே இல்லை. முதல் வெடி கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரர்கள்.

கடல் கொடுக்கிற பங்கு

காசிமேட்டில் கேட்டால் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. "பங்கு" என்பார்கள். படகு கரைக்கு வந்ததும் மீன் ஏலம். வந்த பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை முதலில் கழிக்க வேண்டும். மீதியில் படகுக்காரருக்கு ஒரு பங்கு. மிச்சம்தான் கடலில் போனவர்களுக்கு.

பங்கில் மீனுக்குத்தான் விலை. அலைக்கு விலை இல்லை. புயலில் மாட்டிச் செத்துப் பிழைத்து வெறும் வலையோடு வந்தால் பங்கு பூஜ்யம். அமைதியான கடலில் வஞ்சிரம் மாட்டினால் ராஜா! ஆபத்து கூடினால் காசு கூடும் என்ற விதி கடலில் தலைகீழாக நிற்கிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. குடும்பத்துக்கு 20 லட்சம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதுவும் போன பிறகு வந்த பணம்தான்.

அமெரிக்காவில் எப்படி?

எல்லாவற்றுக்கும் அமெரிக்காவைப் பார் என்று சொல்கிறவர்கள் உண்டு. பார்த்து விடுவோம்.

அங்கே எந்த வேலையில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று வருஷா வருஷம் எண்ணி வெளியிடுகிறார்கள். 2023 கணக்குப்படி எல்லா வேலையையும் சேர்த்தால் லட்சம் பேருக்கு 3 அல்லது 4 பேர்தான் வேலையில் இறக்கிறார்கள். ஆனால் காட்டில் மரம் வெட்டுகிறவர்களில் லட்சத்துக்கு சுமார் 99 பேர்! மீன் பிடிக்கிறவர்களில் சுமார் 87 பேர். கூரை வேய்கிறவர்களில் 52 பேர். விமானிகளில் 31 பேர். சின்னஞ்சிறு விமானங்களை ஓட்டுகிறவர்களும் அதில் சேர்த்தி.

விமானிக்கு கொட்டிக் கொடுக்கிறார்கள். மரம் வெட்டுகிறவர் அவரை விட மூன்று மடங்கு ஆபத்தில் இருக்கிறார். ஆனால் அவருக்குக் கிடைப்பது ஒரு நடுத்தர அமெரிக்கத் தொழிலாளியின் சம்பளம்தான். விமானிக்குக் கொடுப்பது படிப்புக்கும் லைசென்சுக்கும். ஆபத்துக்காக இல்லை.

அங்கேயும் கோணல்தான். ஒரே ஒரு வித்தியாசம், அவர்கள் எண்ணுகிறார்கள். இங்கே பதிவான தொழிற்சாலைக்கு கணக்கு இருக்கிறது. சாக்கடைச் சாவுக்கு கோர்ட்டு விரட்டிய பிறகு கணக்கு எடுத்தார்கள். கயிற்றில் தொங்குகிற பெயிண்டர், போர்வெல் லாரி ஆள், தென்னை மரம் ஏறுகிறவர் - இவர்களில் லட்சத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணுகிற ரிஜிஸ்தர் எந்த ஆபீசிலும் இல்லை. எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணாதபோது, ஆபத்துக்கு இத்தனை ரூபாய் கூட்டு என்று எந்தக் காகிதத்தைக் காட்டிப் பேசுவது?

மறுபடியும் வடபழனி. பெயிண்டர் தூக்குச் சட்டியைக் கழுவி மூடினார்.

பயம் இல்லையா என்று கேட்டோம்.

"முதல் ரெண்டு மாசம் இருந்துச்சு சார். அப்புறம் பழகிடுச்சு."

கூலியைக் கூட்டிக் கேட்டால் என்ன?

"கேட்டேனே! நீ கீழே அடி, மேலே தொங்க வேற பையன் இருக்கான்னாங்க. கீழே அடிச்சா அந்த பிரியாணி காசும் போயிடும். பொண்ணு பிளஸ் டூ படிக்குது."

கயிறு யார் வாங்கியது என்று கடைசியாகக் கேட்டோம்.

"என்னோடதுதான். மேஸ்திரி கயிறு பழசு. அதை நம்பி நான் தொங்க மாட்டேன். சொந்தக் காசு போட்டு வாங்கிட்டேன்."

பீடியை அணைத்தார். கயிற்றை இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். மொட்டை மாடிக்குப் போக லிப்டு இருந்தது. பெயிண்ட் கையோடு லிப்டில் ஏறக்கூடாது என்று அதன் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கியது. அவர் படி ஏறினார்.